ஆங்கிலத்தில் அரைப்புள்ளி: எங்கே இடுவது, ஏன் இடுவது

அலுவலகக் கடிதம், ஆய்வுக் கட்டுரை, விண்ணப்பம், கூட்டக் குறிப்பு என்று ஆங்கிலத்தில் நாள்தோறும் எழுதுகிறவர்கள் அரைப்புள்ளியை, அதாவது செமிகோலனை, இரண்டு விதமாக நடத்துவதைக் காணலாம். சிலர் அதைத் தொடுவதே இல்லை. காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டிவிடுகிறார்கள். வேறு சிலர், எழுத்துக்குக் கனம் சேரும் என்று நம்பி, காற்புள்ளி நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் அதைத் தூவுகிறார்கள். அந்தக் குறி என்ன வேலை செய்கிறது என்பதைப் பள்ளியில் எவரும் விளக்காமல், காற்புள்ளியைவிடச் சற்று நீளமான நிறுத்தம் என்று சொல்லி முடித்துவிடுவதே இவ்விரண்டுக்கும் காரணம்.

அந்த விளக்கம் பழையது. பிற்காலத்தில் லண்டன் பிஷப்பாக இருந்த ராபர்ட் லௌத், 1762இல் வெளியிட்ட தம் ஆங்கில இலக்கணத்தில், காற்புள்ளியைப்போல் இரு மடங்கு நிறுத்தம் அரைப்புள்ளிக்கு, அதைப்போல் இரு மடங்கு முக்காற்புள்ளிக்கு, அதைப்போலவும் இரு மடங்கு முற்றுப்புள்ளிக்கு என்று கணக்கே போட்டுக் கொடுத்தார். உரக்கப் படிப்பதற்காக எழுதப்பட்ட காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்று மூச்சை அளந்து குறியிடப் போனால் பிழைதான் மிஞ்சும். ஓர் இடத்தில் அரைப்புள்ளி வரலாமா என்பதை வாக்கிய அமைப்பு முடிவு செய்கிறது. வரலாம் என்று அமைப்பு இடம் கொடுத்த பிறகே, வேண்டுமா என்று எழுதுபவரின் காது முடிவு செய்ய வேண்டும். இந்த வரிசை மாறும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

கீழே வரும் ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எந்தக் குறி எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கவனித்தால் போதும்.

தமிழில் குற்றமில்லாதது ஆங்கிலத்தில் குற்றமாவது

"மழை வலுத்தது, தெருவில் தண்ணீர் ஏறியது" என்று இரண்டு வினைமுற்றுகளைக் காற்புள்ளியால் அடுத்தடுத்து நிறுத்தினால், தமிழில் எவரும் குறை சொல்வதில்லை. "பேருந்து வரவில்லை, ஆகவே நடந்தே வந்தேன்" என்பதும் நல்ல தமிழ்தான். தமிழ் வாக்கியத்தில் முடிவைக் காட்டும் வேலையைப் பெரும்பாலும் வினைமுற்றே செய்துவிடுவதால், குறி சற்று முன்பின் இருந்தாலும் படிப்பவர் தடுமாறுவதில்லை. ஆங்கிலத்தில் வினை வாக்கியத்தின் நடுவில் நிற்கிறது. ஒரு வாக்கியம் எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டக் குறியை விட்டால் வேறு துணை அதிகம் இல்லை. ஆகவேதான் இப்படி எழுதுவதை ஆங்கிலம் பிழை என்கிறது:

தி பஸ் டிட் நாட் கம், ஐ வாக்ட் ஹோம்.

இரு பக்கமும் எழுவாயும் பயனிலையும் கொண்ட முழு வாக்கியங்கள். இடையில் இருப்பது வெறும் காற்புள்ளி. இதைக் காமா ஸ்பிளைஸ் என்பார்கள். தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் திருத்துபவரின் கண்ணில் முதலில் படும் பிழைகளில் இது ஒன்று. அரைப்புள்ளியைக் கற்பதில் முதல் பயன் இந்தப் பிழையிலிருந்து விடுபடுவது என்பதே என் கருத்து. நடை அழகு எல்லாம் அதற்குப் பிறகு வருவது.

திருத்த நான்கு வழிகள் உண்டு. முற்றுப்புள்ளி இட்டு இரண்டாகப் பிரிக்கலாம். காற்புள்ளியை அடுத்து 'ஸோ' சேர்க்கலாம். முதற்பகுதியின் தலையில் 'பிகாஸ்' வைத்து அதைச் சார்பு வாக்கியமாக்கலாம். அல்லது அரைப்புள்ளி இடலாம்:

தி பஸ் டிட் நாட் கம்; ஐ வாக்ட் ஹோம்.

நான்கும் இலக்கணப்படி சரி. ஆனால் நான்கும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை. முற்றுப்புள்ளி இரண்டு நிகழ்வுகளையும் தனித்தனியே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. 'ஸோ'வும் 'பிகாஸ்'உம் இன்னதால் இன்னது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. அரைப்புள்ளியோ இவ்விரண்டுக்கும் உறவு உண்டு என்பதை மட்டும் உணர்த்தி, அந்த உறவு என்ன என்பதைப் படிப்பவரிடம் விட்டுவிடுகிறது. உறவு தானாகவே விளங்கும் இடத்தில் அது அழகு. விளங்காத இடத்தில் அது சோம்பல். அங்கே இணைப்புச் சொல்லை எழுதிவிடுவதுதான் நேர்மை.

எதிர்நிலையில் நிற்கும் இரண்டு கூற்றுகளை இணைக்கும்போது இதன் பயன் நன்கு தெரியும்:

தி மேனேஜர் வான்ட்ஸ் தி ரிப்போர்ட் டுடே; தி ஆடிட்டர் வான்ட்ஸ் இட் ரைட்.

மேலாளருக்கு இன்றே வேண்டும், தணிக்கையாளருக்குச் சரியாக வேண்டும். நடுவில் 'பட்' சேர்த்தால் முரண் விளக்கப்பட்டுவிடும். முற்றுப்புள்ளி வைத்தால் இரண்டும் பிரிந்துபோகும். அரைப்புள்ளி வைத்தால் இருவரும் ஒரே மேசையின் இருபுறமும் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. இரு பகுதிகளும் ஏறத்தாழ ஒரே நீளத்திலும் ஒரே அமைப்பிலும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அரைப்புள்ளியின் இரு தட்டும் சமமாக இருக்கும்போதே இந்த விளைவு கிடைக்கிறது. ஒரு பக்கம் நாற்பது சொல்லும் மறுபக்கம் மூன்று சொல்லும் இருந்தால், அந்த மூன்று சொல்லுக்குத் தனி வாக்கியமே ஏற்றது.

அமைப்பைச் சோதிக்க எளிய வழி: அரைப்புள்ளியின் இடப்பக்கத்தைக் கையால் மறைத்து வலப்பக்கத்தைப் படியுங்கள், பிறகு வலப்பக்கத்தை மறைத்து இடப்பக்கத்தைப் படியுங்கள். இரண்டும் தனித்து நின்று பொருள் தந்தால் குறி சரி. "ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், வி வென்ட் அவுட்" என்பதில் இடப்பக்கம் தனித்து நிற்காமல் அந்தரத்தில் தொங்குகிறது, அங்கே காற்புள்ளிதான் வர வேண்டும்.

ஹவ்எவர் வரும் இடம்

'ஹவ்எவர்', 'தெர்ஃபோர்', 'மோர்ஓவர்', 'அதர்வைஸ்', 'நெவர்தலெஸ்' முதலிய சொற்களைத் தமிழில் 'ஆனாலும்', 'ஆகவே', 'மேலும்', 'இல்லாவிட்டால்' என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொள்வதால், அவை 'பட்', 'அண்ட்' போன்ற இணைப்புச் சொற்கள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆங்கில இலக்கணத்தில் அவை வினையடைகள். இரண்டு வாக்கியங்களைச் சேர்த்துப் பிடிக்கும் வலு அவற்றுக்கு இல்லை. அந்த வேலையை அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ செய்ய வேண்டும்:

தி பேமென்ட் வாஸ் மேட் ஆன் மண்டே; ஹவ்எவர், தி ரிசீட் ஹேஸ் நாட் அரைவ்ட்.

சொல்லுக்கு முன் அரைப்புள்ளி, சொல்லுக்குப் பின் காற்புள்ளி. இரு பக்கமும் காற்புள்ளியே இட்டால், 'ஹவ்எவர்' முன்வாக்கியத்தின் வாலா பின்வாக்கியத்தின் தலையா என்பது படிப்பவருக்கு ஒரு கணம் தெரியாது. அந்த ஒரு கணத்தை மிச்சப்படுத்தத்தான் இந்த விதி.

இதைக் கற்றவுடன் சிலர் 'ஹவ்எவர்' எங்கே தென்பட்டாலும் அதற்கு முன்னால் அரைப்புள்ளி இடத் தொடங்குவார்கள். அதுவும் பிழை. "தி ரிசீட், ஹவ்எவர், ஹேஸ் நாட் அரைவ்ட்" என்னும்போது அந்தச் சொல் ஒரே வாக்கியத்தின் நடுவில் செருகப்பட்டிருக்கிறது; அதன் இருபுறமும் முழு வாக்கியங்கள் இல்லை; ஆகவே இரண்டு காற்புள்ளிகளே சரி. சொல்லைப் பார்த்துக் குறியிடாமல், சொல்லின் இருபுறமும் என்ன இருக்கிறது என்று பார்த்துக் குறியிட வேண்டும்.

'அண்ட்', 'பட்', 'ஆர்', 'ஸோ' ஆகியவற்றுக்கு முன் பொதுவாகக் காற்புள்ளி போதும். ஆனால் அந்த வாக்கியங்களுக்கு உள்ளேயே பல காற்புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தால், பெரிய பிரிவைக் காட்ட அங்கேயும் அரைப்புள்ளி இடுவதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில உரைநடையில் 'பட்'டுக்கு முன் அரைப்புள்ளி மிகச் சாதாரணம். பழைய நாவல்களைப் படித்து ஆங்கிலம் கற்றவர்களின் கையில் அந்த வழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிழை என்று சொல்ல முடியாது. சற்றுப் பழைய வாசனை அடிக்கும், அவ்வளவுதான்.

பட்டியலுக்குள் பட்டியல்

அரைப்புள்ளியின் இரண்டாவது பெரிய வேலை, உள்ளேயே காற்புள்ளி உடைய உருப்படிகளைப் பிரித்துக் காட்டுவது. இங்கே இரு பக்கமும் முழு வாக்கியம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அன்றாட எழுத்தில் நேரடியான சேதத்தைத் தடுப்பது இந்தப் பயன்பாடுதான். ஒரு சங்கத்தின் கூட்டக் குறிப்பில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

ரவி, தி ட்ரெஷரர், மீனா, அண்ட் செல்வம் அட்டெண்டட் தி மீட்டிங்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? ரவிதான் பொருளாளர் என்றால் மூவர்; பொருளாளர் வேறொருவர் என்றால் நால்வர். கோரத்துக்கு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச வருகைக்கு, நால்வர் தேவைப்படும் சங்கத்தில், அந்தக் கூட்டத்தின் தீர்மானங்கள் செல்லுமா செல்லாதா என்பதே இந்த வரியைப் பொறுத்துப் போய்விடும். "ரவி, தி ட்ரெஷரர்; மீனா; அண்ட் செல்வம்" என்று எழுதினால் மூவர் என்பதில் ஐயமில்லை. "ரவி; தி ட்ரெஷரர்; மீனா; அண்ட் செல்வம்" என்றால் நால்வர். எழுத்து ஒன்றும் மாறவில்லை, குறி மட்டுமே மாறியிருக்கிறது. ஊரையும் மாநிலத்தையும் சேர்த்துச் சொல்லும் பட்டியலுக்கும் இதே முறைதான்:

அவர் ஆபிசஸ் ஆர் இன் மதுரை, தமிழ்நாடு; கொச்சி, கேரளா; அண்ட் மைசூரு, கர்நாடகா.

கடைசி 'அண்ட்'டுக்கு முன்னாலும் அரைப்புள்ளி இருப்பதைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டுக் காற்புள்ளி இடுவது பரவலாகக் காணப்படும் பிழை.

இந்தப் பயன்பாட்டுக்கு நம் கையருகிலேயே ஒரு நல்ல மாதிரி இருக்கிறது. 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட இந்திய அரசமைப்பின் ஆங்கில முகப்புரையில், குடிமக்களுக்கு உறுதி செய்யப்படுபவை இப்படி வரிசையாக வருகின்றன: "ஜஸ்டிஸ், சோஷியல், எகனாமிக் அண்ட் பொலிட்டிகல்;" அடுத்த வரியில் "லிபர்ட்டி ஆஃப் தாட், எக்ஸ்பிரஷன், பிலீஃப், ஃபெய்த் அண்ட் வொர்ஷிப்;" அதற்கடுத்து "ஈக்வாலிட்டி ஆஃப் ஸ்டேட்டஸ் அண்ட் ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி;". நீதி எவ்வெத்துறையில், சுதந்திரம் எவையெவற்றுக்கு என்பதைக் காற்புள்ளிகள் பிரிக்கின்றன. நீதியையும் சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் அரைப்புள்ளிகள் பிரிக்கின்றன. எல்லாமே காற்புள்ளியாக இருந்திருந்தால் 'பொலிட்டிகல்' என்ற அடையும் 'லிபர்ட்டி' என்ற தலைச்சொல்லும் ஒரே வரிசையில் நின்றிருக்கும். சமத்துவம் பற்றிய உருப்படிக்குள் காற்புள்ளியே இல்லை. இருந்தும் அதன் முடிவில் அரைப்புள்ளி இருக்கிறது. பட்டியலில் ஓர் உருப்படிக்குத் தேவைப்பட்டால் எல்லா உருப்படிக்கும் அதே குறியை இட வேண்டும் என்ற ஒழுங்கு அதில் அடங்கியிருக்கிறது.

சட்ட எழுத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் ஆகக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் சாட்சி. இரவில் குறிப்பிட்ட மணிக்கு மேல் மது விற்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமையும் விற்கக் கூடாது, விடுதிக்காரர் தம் விருந்தினருக்குத் தருவது மட்டும் விலக்கு என்று அங்கே ஒரு சட்டம் இருந்தது. இரவு நேரத்தைப் பற்றிய பகுதிக்கும் ஞாயிறு பற்றிய பகுதிக்கும் நடுவில் ஓர் அரைப்புள்ளி நின்றது. அது அங்கே பிரித்து நிறுத்துவதால், பின்னால் வரும் விலக்கு ஞாயிற்றுக்கு மட்டுமே உரியது, இரவு நேரத்துக்கு அல்ல என்று 1900ஆம் ஆண்டையொட்டி நீதிமன்றம் பொருள் கொண்டது. விடுதிகளில் இரவில் விருந்தினருக்கும் மது கிடையாது என்றாகிவிட்டது. சட்டத்துக்குச் 'செமிகோலன் சட்டம்' என்ற பெயரும் நிலைத்துவிட்டது. ஒப்பந்தமோ வாடகைப் பத்திரமோ ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள், 'எக்செப்ட்', 'அன்லெஸ்', 'ப்ரொவைடட்' என்று தொடங்கும் விலக்குகள் தமக்கு முன்னுள்ள அரைப்புள்ளியைத் தாண்டிச் செல்லுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. தாண்ட வேண்டுமானால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

இதே கருவியைப் பொருள் பிரிக்க மட்டுமன்றி உணர்ச்சியைக் கூட்டவும் கையாளலாம் என்பதைக் காட்டியவர் மார்ட்டின் லூதர் கிங். 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில், கறுப்பின மக்கள் இன்னும் பொறுத்திருக்க வேண்டும் என்று அறிவுரை சொன்னவர்களுக்கு விடை சொல்லும் ஒரு வாக்கியம் 300 சொற்களுக்கு மேல் நீள்கிறது. 'வென் யூ' என்று தொடங்கும் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கொடுமை. ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் அரைப்புள்ளி. வாக்கியம் முடிந்தது என்று முற்றுப்புள்ளி ஓய்வு கொடுப்பதே இல்லை. பொறுமையின் எல்லைக்கு வந்த பிறகுதான், ஏன் எங்களால் காத்திருக்க முடியவில்லை என்பது அப்போது உங்களுக்குப் புரியும் என்ற பகுதி வந்து சேர்கிறது. காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை வாக்கியம் சொல்லவில்லை, படிப்பவரைக் காக்க வைக்கிறது. அந்த நீளத்தைத் தாங்கிப் பிடிப்பவை அரைப்புள்ளிகளே. அந்த இடங்களில் முற்றுப்புள்ளி இருந்தால் 'வென்' பகுதிகள் எல்லாம் முறிந்த துண்டுகளாகிவிடும், காற்புள்ளி இருந்தால் எது பெரிய பிரிவு, எது சிறிய பிரிவு என்று தெரியாமல் குழம்பிவிடும்.

சில்லறை விஷயங்கள்

முன்பகுதியில் வந்த வினையே பின்பகுதிக்கும் உரியதாக இருந்தால், அதை மீண்டும் எழுதாமல் ஒரு காற்புள்ளியால் குறித்துவிடலாம்: "ஹி டீச்சஸ் ஃபிசிக்ஸ்; ஹிஸ் வைஃப், கெமிஸ்ட்ரி." பின்பகுதி தனித்து நிற்காததுபோல் தோன்றினாலும் வினை மறைந்து நிற்பதால் இது ஏற்கப்பட்ட அமைப்பு.

முக்காற்புள்ளியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்பகுதி ஒன்றை அறிவித்துப் பின்பகுதி அதை விரித்தோ விளக்கியோ சொன்னால் முக்காற்புள்ளி. இரண்டும் சம நிலையில் அருகருகே நின்றால் அரைப்புள்ளி. கொண்டுவர வேண்டிய ஆவணங்களின் பட்டியலை அறிமுகப்படுத்தும் இடத்தில் அரைப்புள்ளி ஒருபோதும் வராது. கடிதத்தின் தொடக்கத்தில் 'டியர் சார்' என்பதற்குப் பிறகும் வராது. அங்கே காற்புள்ளி, அமெரிக்க வணிகக் கடிதத்தில் முக்காற்புள்ளி.

அரைப்புள்ளிக்கு அடுத்த சொல், இயற்பெயராகவோ 'ஐ'யாகவோ இல்லாவிட்டால், சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும். குறிக்கு முன்னால் இடைவெளி விடக் கூடாது. பின்னால் ஓர் இடைவெளி. மேற்கோள் முடியும் இடத்தில் அரைப்புள்ளி வந்தால் அது மேற்கோள் குறிக்கு வெளியே நிற்கும். காற்புள்ளியை உள்ளே வைக்கும் அமெரிக்க வழக்கத்திலும் இது மட்டும் வெளியேதான். ஆய்வுக் கட்டுரையில் ஏபிஏ, அதாவது அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த, முறைப்படி ஒரே அடைப்புக்குள் பல நூல்களைச் சுட்டும்போது, ஒவ்வோர் ஆசிரியர்–ஆண்டு இணைக்கும் இடையில் வருவதும் அரைப்புள்ளியே. காரணம் மேலே சொன்னதுதான்: ஆசிரியருக்கும் ஆண்டுக்கும் நடுவில் ஏற்கெனவே காற்புள்ளி உட்கார்ந்திருக்கிறது. ஜாவாவும் சி-யும் எழுதிப் பழகிய கை, வரி முடியும் இடத்தில் தானாகவே இந்தக் குறியைத் தட்டிவிடும். நிரலில் அது முடிவைக் குறிக்கும், ஆங்கில வாக்கியத்தில் அது முடிவாக முடியாது.

எவ்வளவு இடலாம்

அமெரிக்க நாவலாசிரியர் கர்ட் வானகட்டுக்கு இந்தக் குறியைப் பிடிக்காது. கல்லூரிக்குப் போய் வந்ததைக் காட்டிக்கொள்வதைத் தவிர அதனால் பயனில்லை என்ற பொருளில் கேலி செய்தார். பட்டியலைப் பொறுத்தவரை அவர் சொன்னது பொருந்தாது. வாக்கிய இணைப்பைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தியிலும் வாடிக்கையாளருக்கு அனுப்பும் இரண்டு வரி மின்னஞ்சலிலும் அது விறைப்பாகத் தெரியும். செய்முறைக் குறிப்பிலும் அறிவிப்புப் பலகையிலும் முற்றுப்புள்ளியே மேல். ஆய்வுரை, தலையங்கம், சட்ட ஆவணம், இரு தரப்பை எடைபோடும் அறிக்கை ஆகியவற்றில் அதற்கு இயல்பான இடம் உண்டு. பத்தி ஒன்றுக்கு ஒரு முறைக்கு மேல் இணைப்பு அரைப்புள்ளி வந்தால், எல்லா வாக்கியங்களும் ஒரே அளவில் இரண்டிரண்டாக மடங்கி, தாலாட்டுப்போல் ஆகிவிடும்.

எழுதும்போதே இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. எழுதி முடித்த பிறகு, சொற்செயலியின் தேடல் பெட்டியில் 'ஹவ்எவர்', 'தெர்ஃபோர்', 'மோர்ஓவர்', 'அதர்வைஸ்' ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாகத் தேடி, அவற்றுக்கு முன்னால் காற்புள்ளி இருந்தால் இருபுறமும் முழு வாக்கியம் உள்ளதா என்று பாருங்கள். காமா ஸ்பிளைஸ்களில் கணிசமானவை அங்கேயே சிக்கிவிடும். அடுத்துக் காற்புள்ளியை ஒட்டி 'ஐ', 'ஹி', 'ஷி', 'இட்', 'வி', 'தே' தொடங்கும் இடங்களைப் பாருங்கள். மீதியில் பெரும்பகுதி அங்கே ஒளிந்திருக்கும். கடைசியாக அரைப்புள்ளியையே தேடி, ஒவ்வொன்றையும் முற்றுப்புள்ளியாக மாற்றிப் படித்துப் பாருங்கள். மாற்றியதால் எதுவும் குறையவில்லை என்றால் முற்றுப்புள்ளியையே விட்டுவிடுங்கள்.